மோசே சும்மா நின்றான்

ஜூலை 9

இந்த டைரி ஸ்போர்ட்ஸ் சாமான் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தது. இதுவரை இதில் கபடிப் போட்டித் தேதிகளும், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நூறு மீட்டர் ஓடிய நேரமும்தான் இருக்கின்றன. இன்று யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அதனால் டைரி.

பெண் குழந்தை. இரண்டரை மாதம் முன்னாலேயே வந்துவிட்டாள். பெர்சிஸுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடத்துக் குண்டெறிதல் குண்டு இவளைப்போல நாலு மடங்கு கனம். பி.டி. மாஸ்டர் வேலையில் அதைத் தினமும் ஒற்றைக் கையில் தூக்குகிறேன். இவளைத் தொடவே விடவில்லை.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது மாஸ்டர். ஒரு வாரம் போகட்டும்" என்றார் டாக்டரம்மா.

காலில் ஒரு சீட்டு கட்டியிருக்கிறார்கள். 'பெர்சிஸின் குழந்தை' என்று மட்டும் போட்டிருக்கிறது. என் பெயர்கூட இல்லை.

ஜூலை 10

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செலஸ்டின் என்று ஒரு நர்ஸ் இருக்கிறார். உவரிக்காரர், கத்தோலிக்கர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். முழங்கை வரை கை கழுவச் சொல்லி, பச்சை கவுன் மாட்டிவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். இவ்வளவு குழாய்களுக்கு நடுவில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை.

"சார், பாப்பாக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சா?"

"இன்னும் பேரே வைக்கல சிஸ்டர்."

"பேரு பொறவு வைக்கலாம். கொடுக்கணும்னா நீங்களே கொடுக்கலாம். தலையில கொஞ்சம் தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரச் சொல்லணும். எங்கள்ல அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம். தண்ணியாலயும் ஆவியாலயும் பொறக்கணும்னு ஆண்டவர் நிக்கோதேமுகிட்ட சொல்லிருக்காருல்லா."

"கொடுக்கலன்னா?"

"அந்தப் பிள்ளைகள கடவுளோட இரக்கத்துல விட்டுரணும்னு ஃபாதர் சொல்லுதாரு. ஊர்ல பழைய ஆளுக வேற மாதிரி சொல்லுவாவ. அத விடுங்க சார்."

அவர் விடச் சொன்னதைத்தான் என்னால் விட முடியவில்லை. பழைய ஆட்கள் என்ன சொல்வார்கள்? கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஜூலை 11

எங்கள் சி.எஸ்.ஐ. சபைக் குருவானவர் பாக்கியநாதன் ஐயாவுக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்கொரு டீ வாங்கினோம்.

"நம்மள்ல கைப்பிள்ளைக்குக் கொடுக்கிற வழக்கம்தானே தம்பி. சிறு பிள்ளைகள என்கிட்ட வரவிடுங்கன்னு ஆண்டவர் சொன்னாரு. பிலிப்பி சிறைச்சாலைக்காரன் அவனும் அவன் வீட்டார் எல்லாரும் ஞானஸ்நானம் வாங்குனாங்க. வீட்டார் எல்லாரும்னா அதுல ஒரு கைப்பிள்ளையாவது இருந்திருக்காதா? நீங்க ரெண்டு பேரும் சரின்னு சொன்னா இப்பவே உள்ள போய்க் கொடுத்திருவேன்."

ரெண்டு பேரும். அங்கேதான் சிக்கல். பெர்சிஸ் பெந்தெகொஸ்தே பாஸ்டர் எலியேசரின் ஒரே மகள். கல்யாணப் பேச்சின்போதே சொல்லிவிட்டாள்: பிள்ளை பிறந்தால் தண்ணீர் தெளிக்கக் கூடாது, வளர்ந்து, நம்பி, அதுவாகக் கேட்டால் முழுக்கு ஞானஸ்நானம். நான் சரி என்றேன். அன்றைக்கு அவள் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாடியில் அவள் வார்டுக்குப் போய் ஐயா சொன்னதைச் சொன்னேன். படுத்தபடியே கேட்டாள்.

"இருந்திருக்கும்னு சொல்றதும் இருந்துச்சுன்னு சொல்றதும் ஒண்ணாங்க? அந்த வீட்ல எல்லாருக்கும் வசனத்தச் சொன்னாங்க, எல்லாரும் விசுவாசிச்சுச் சந்தோஷப்பட்டாங்கன்னு அதே இடத்துல இருக்கு. கைப்பிள்ள எப்பிடி வசனத்தக் கேக்கும்?"

வராண்டாவுக்கு வந்து பைபிளைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது இருக்கிறது. ஐயா சொன்னதும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்கூட இல்லை.

ஜூலை 12

பாஸ்டர் மாமா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஜிப் வைத்த பைபிள். நகை போடாத, சினிமா பார்க்காத, யாரையும் திட்டாத மனிதர். அவர்மேல் கோபப்படவும் முடியாது.

நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். சிறு பிள்ளைகள் வசனத்தைச் சொன்னேன்.

"நல்ல வசனம் மாப்ள. அணைச்சுக்கிட்டாரு, கைய வச்சாரு, ஆசீர்வதிச்சாரு. அதுல தண்ணி எங்க இருக்கு?"

"தண்ணி இல்லதான் மாமா."

"பிள்ள ஏற்கெனவே அவரு கையிலதான் இருக்கு. நாம ஒண்ணும் சேக்க வேண்டாம். தாவீது ராஜாவுக்கும் ஒரு பிள்ள இப்படிச் சீக்கா கெடந்துச்சு. அது போன பிறகு தாவீது என்ன சொன்னான்? நான் அதுகிட்ட போவேன், அது என்கிட்ட திரும்பி வராதுன்னான். அப்படின்னா பிள்ள பத்திரமா இருக்குன்னுதான அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. உயிரோடு கிடக்கிற பிள்ளைக்கு எதற்குச் செத்த பிள்ளையின் கதை? டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுதிருக்கிறார். டீயைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

ஒரே வசனம். ஐயா அதை வைத்துக் கொடு என்கிறார். மாமா அதை வைத்தே வேண்டாம் என்கிறார். கபடியில் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று சண்டை வந்தால் விதிப்புத்தகத்தை எடுப்போம். இங்கே சண்டையே புத்தகத்துக்குள் இருக்கிறது.

ஜூலை 14

பெர்சிஸ் பால் பீய்ச்சி ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் தருகிறாள். நான் மூடி போட்டுக் கீழே கொண்டுபோகிறேன். மூக்கில் போகிற குழாய் வழியாக ஒரே ஒரு மில்லி இறக்குகிறார்கள். அதற்காக நான் படியில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து வாட்ச்மேன் சிரிக்கிறான்.

"வெயிலு இப்படி அடிக்கே, தண்ணி எதுவும் தர வேண்டாமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"தாய்ப்பால்ல முக்காவாசிக்கு மேல தண்ணிதான் சார். தனியா எதுக்கு?" என்றார் செலஸ்டின்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. பி.டி. மாஸ்டருக்குத் தெரிந்தது குளுக்கோஸும் எலுமிச்சம்பழமும்தான்.

ஜூலை 16

லீவை நீட்டிக்கப் பள்ளிக்கூடம் போனேன். ஹெட்மாஸ்டர் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன். விசாரித்தார். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். அவரிடமும் கேட்டுவிட்டேன்.

"பிள்ளைக்கு விசுவாசம் கிடையாதுன்னு யார் சொன்னா ஆல்வின்? யோவான் ஸ்நானன் அம்மா வயித்துக்குள்ளயே துள்ளினானே, அது என்ன? விசுவாசம் நாம சம்பாதிக்கிறது இல்ல, அவர் கொடுக்கறது. பிள்ளைக்கும் கொடுப்பார். ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க."

பெர்சிஸிடம் சொன்னேன். "துள்ளினவன் பெரியவனானதும் மனந்திரும்புங்கன்னு சொல்லிட்டுத்தான ஆத்துல முழுக்கு கொடுத்தான்?" என்றாள். பிறகு, "நீங்க எத்தனை பேர்கிட்டதான் கேப்பீங்க?" என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூலை 17

பனியன் அளவு கேட்டு கபடி டீம் பையன்கள் போன் செய்தார்கள். அளவுக் காகிதத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 18, காலை

ரத்தத்தில் கிருமி. விடியற்காலையில் மூச்சை இரண்டு தடவை நிறுத்திவிட்டாளாம். வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள். பாலையும் நிறுத்திவிட்டார்கள். "இன்னைக்கும் நாளைக்கும்தான் பாக்கணும் மாஸ்டர். வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார் டாக்டரம்மா. வேண்டியவர்களுக்கு என்னவென்று சொல்வது?

முடிவு செய்துவிட்டேன். நான்கு மணிக்கு உள்ளே விடுவார்கள். பெர்சிஸுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். பிறகு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சின்ன பாட்டிலில் காய்ச்சி ஆறிய தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன். சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். ஒரே வரிதான்.

ஜூலை 18, மாலை

போனேன். கை கழுவினேன். செலஸ்டின் அடுத்த பெட்டிப் பக்கம் இருந்தார். கொஞ்ச நேரம் நின்றேன். பெட்டியின் பக்கவாட்டில் கை விட இரண்டு வட்டக் கதவுகள் இருக்கின்றன. ஒன்றைத் திறந்தேன். பிறகு நேரமாகிவிட்டது என்று வெளியே வந்துவிட்டேன்.

வெயில் அதிகம். பாட்டில் தண்ணீரை வராண்டாவிலேயே குடித்துவிட்டேன்.

பனியன் அளவுக் காகிதம் கிடைத்தது. சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.

ஜூலை 19

பெர்சிஸ் கீழே போக வேண்டும் என்றாள். சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். கையில் பால் கிண்ணம். "பாலத்தான் நிறுத்திட்டாங்களே" என்றேன். "சிஸ்டர் உதட்டுல ஒரு சொட்டு தடவலாம்னாங்க" என்றாள். ஒரு சொட்டுக்கு எதற்குக் கிண்ணம் நிறைய என்று நான் கேட்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

என்னை வெளியே நிற்கச் சொன்னாள். கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. தையலோடு எழுந்து நின்றிருந்தாள். செலஸ்டின் சுவர்ப்பக்கம் திரும்பி மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அலமாரி சுத்தமாகத்தான் இருந்தது.

வரும்போது கிண்ணம் காலி. அழுதாளா என்று பார்த்தேன். அழவில்லை.

மாடிக்கு வந்ததும் தன் பைபிளை நீட்டினாள். "யாத்திராகமம் நாலாம் அதிகாரம், கடைசிப் பக்கத்த வாசிங்க."

வாசித்தேன். ஞாயிறு பள்ளியில் இதை யாரும் சொல்லித்தந்ததாக ஞாபகம் இல்லை. மோசே குடும்பத்தோடு எகிப்துக்குப் போகிறான். வழியில் தங்குகிற இடத்தில் கர்த்தர் எதிர்ப்பட்டு அவனைக் கொல்லப் பார்க்கிறார். உடனே அவன் மனைவி சிப்போராள் ஒரு கூரான கல்லை எடுத்து, தன் பிள்ளைக்கு விருத்தசேதனம், அதாவது சுன்னத்து, செய்துவிடுகிறாள். அப்புறம் அவர் விட்டுவிடுகிறார். அவ்வளவுதான். ஏன் கொல்ல வந்தார், ஏன் விட்டார், ஒன்றும் விளங்கவில்லை.

"இது எதுக்கு இப்ப?" என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 20

இருக்கிறாள்.

ஜூலை 22

இருக்கிறாள். காய்ச்சல் இல்லை. டாக்டரம்மா தலையை ஆட்டினார். அது நல்ல ஆட்டலா என்று கேட்டேன். நல்ல ஆட்டல்தான் என்றார்.

மாமாவிடம் சிப்போராளைப் பற்றிக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அதுல கல்லு முக்கியமில்ல மாப்ள. வீட்டுத் தலைவன் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதச் செய்யாம விட்டுட்டான். அதான் விஷயம்."

"அவ செய்யுறப்ப மோசே என்ன பண்ணிட்டிருந்தான் மாமா?"

"அது எழுதல."

எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு எழுதினவர்கள் அதையும் எழுதியிருக்கலாம்.

ஜூலை 24

பாக்கியநாதன் ஐயா வந்து பார்த்துவிட்டுப் போனார். அவரிடமும் கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தக் கதைய வச்சு அந்தக் காலத்துல ஐரோப்பாவுல பெரிய சண்டையே நடந்திருக்கு தம்பி. குருமார் செய்ய வேண்டியத அவசரத்துக்கு ஒரு பொம்பள செய்யலாம்ங்கிறதுக்கு இதான் சாட்சின்னு ஒரு கூட்டம். இல்ல, அவ செஞ்சது தப்பு, கடவுள் பொறுத்துக்கிட்டாரு, அவ்வளவுதான்னு இன்னொரு கூட்டம்."

"நாம எந்தக் கூட்டம் ஐயா?"

"ரெண்டு கூட்டத்தையும் ஒண்ணாச் சேத்துத்தான நம்ம சி.எஸ்.ஐ.யே உண்டாச்சு" என்று சிரித்தார். பிறகு, "இத யாரு உன்னக் கேக்கச் சொன்னா?" என்றார்.

பெர்சிஸ் என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 27

வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். வராண்டாவில் எதிரே இருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 6

மறுபடியும் பால் ஓட்டம். இப்போது எட்டு மில்லி.

ஆகஸ்ட் 15

கொடியேற்றிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொள்ள இன்றைக்கு என்னையும் விட்டார்கள். சட்டையைக் கழற்றி, சாய்வு நாற்காலியில் படுத்து, மேலே அவளை வைத்து ஒரு துணியால் மூடினார்கள். என் நெஞ்சுச் சூடு அவளுக்கு வேண்டுமாம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

"மூச்சு விடுங்க சார். உங்க மூச்சக் கேட்டுத்தான் பாப்பா மூச்சு விடும்" என்றார் செலஸ்டின்.

அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஏய் என்றேன். பாப்பா என்றேன். பக்கத்தில் நின்ற பெர்சிஸ் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். எமீமாள் மாதிரிக் கேட்டது. யோபுவுக்கு எல்லாம் போன பிறகு பிறந்த பெண் பிள்ளைகளில் மூத்தவள் பெயர்.

"பேரு முடிவு பண்ணிட்டியா?"

"ம்."

"எப்ப?"

"போன மாசமே."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வருத்தம்தான். பிள்ளை என்மேல் கிடந்ததால் சண்டை போடவில்லை.

செப்டம்பர் 20

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டாள். மாமா வாசலில் நின்று ஜெபம் பண்ணினார். நீளமாகத்தான் பண்ணினார். இந்த முறை நான் டீ வாங்கப் போகவில்லை.

செப்டம்பர் 28

பிழைத்துவிட்டாள், இனி எதற்கு அந்தக் கேள்வி என்று நினைத்தேன். போகவில்லை. ஆலயத்தில் இன்று யார் பிள்ளைக்கோ ஞானஸ்நானம். நான் பாதியில் எழுந்து வெளியே வந்து செருப்பு கிடக்கிற இடத்தில் நின்றேன். ஜூலை பதினெட்டாம் தேதிக்கு என்னால் திரும்பிப் போக முடிந்தால் போவேன். போய் என்ன செய்வேன் என்று இப்போதும் தெரியாது.

அக்டோபர் 4

இன்று நடந்ததை மறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐயா வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தோம். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் மனசுவிட்டுப் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. ஞானஸ்நானத்துக்கு நான் அவசரப்படுத்தல" என்றார். நான் பெர்சிஸைப் பார்த்தேன். வழக்கமான பதில் வரும் என்று நினைத்தேன்.

"தேவையில்ல ஐயா. ஆயிட்டு" என்றாள்.

"என்ன ஆயிட்டு?" என்று கேட்டது நான்.

"நான் கொடுத்துட்டேன். ஜூலை பத்தொம்போதாம் தேதி."

ஐயா மட்டும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. மூன்று மாதம் எனக்கு வசனம் சொல்லி வாயை அடைத்தவள் இவள்.

"நீயா? நீதான கூடாதுன்னு சொன்ன?"

"முந்தின நாள் நீங்க பாட்டிலோட போயிட்டுத் திரும்பி வந்தத சிஸ்டர் வந்து சொன்னாங்க. பாவம், சார் கதவத் திறந்துட்டு அப்படியே நின்னாருன்னாங்க. அதக் கேட்ட பிறகு எனக்குப் படுக்க முடியல."

நான் தரையைப் பார்த்தேன். இவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. இந்த டைரியில்கூட நான் அதைச் சரியாக எழுதவில்லை.

"ஐயா, எங்க அப்பா போதிக்கிறதத்தான் நான் இப்பவும் நம்புறேன். வசனத்துலயும் எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அன்னைக்கு அவ போயிருவான்னு நெனச்சேன். ஒருத்தரும் பேரச் சொல்லிக் கூப்பிடாம, ஒருத்தரும் கைய வைக்காம அவள அனுப்ப எனக்கு மனசு வரல. பேரச் சொன்னேன். பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொன்னேன். தலையில ஊத்தினேன்."

"நல்லது" என்றார் ஐயா. "தண்ணி யாரு கொடுத்தா?"

"தண்ணி இல்ல ஐயா. பாலு."

ஐயா பிள்ளையை என்னிடம் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாலா?"

"தண்ணி எடுத்தா அப்பாவுக்குச் செய்யிற துரோகம் மாதிரி இருந்துச்சு. பாலு என்கிட்ட இருந்துச்சு. இருந்ததக் கொடுத்தேன்."

ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். இந்த மாதிரிச் சந்தேகத்துக்கென்றே ஆராதனை முறையில் ஒரு வழி இருக்கிறதாம். 'நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்று முன்னால் சேர்த்துச் சொல்லி, மறுபடியும் கொடுப்பார்களாம். யாருக்கும் மனக்குறை இருக்காதாம். எனக்கு அது பிடித்தது. எனக்கென்றே யாரோ எழுதி வைத்த மாதிரி இருந்தது.

பெர்சிஸுக்குப் பிடிக்கவில்லை.

"அந்த 'பெறாதிருந்தால்' வேண்டாம் ஐயா."

"அம்மா, அது சும்மா ஒரு..."

"நான் அன்னைக்குச் சந்தேகத்தோட கொடுக்கல. நீங்க சந்தேகத்தோட கொடுக்க வேண்டாம்." குரல் உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இத்தனை நாளும் அழாதவள் இப்போது அழுதாள்.

பிள்ளை என் கையில் நெளிந்தது. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. நான் யாரிடமும் கேட்காமல் பேசிவிட்டேன்.

"ஐயா, தாய்ப்பால்ல முக்காவாசிக்கு மேல தண்ணிதானாம்."

"இத எந்த வேதபண்டிதர் சொன்னாரு?"

"செலஸ்டின் சிஸ்டர்."

ஐயா என்னைப் பார்த்தார், பெர்சிஸைப் பார்த்தார், ஆறிப்போன காபியை ஆடையோடு எடுத்துக் குடித்தார்.

"பிஷப் கேட்டா தண்ணின்னு சொல்லுவேன். பொய் இல்லையே" என்றார். "அடுத்த ஞாயிறு கொண்டுவாங்க. ஞானஸ்நானம் கிடையாது. தாய் கையால ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையச் சபையில ஏத்துக்கிறோம், அவ்வளவுதான்."

அக்டோபர் 7

செலஸ்டின் சிஸ்டரை ஆலயத்துக்குக் கூப்பிட ஆஸ்பத்திரிக்குப் போனேன். பால் செல்லுமா என்று கேட்டேன்.

"எங்க ஃபாதர்கிட்ட கேட்டுராதீங்க சார். தண்ணிதான் வேணும்னு கறாராச் சொல்லிருவாரு. நான் அன்னைக்கு அலமாரியத் தொடச்சிட்டிருந்தேன். ஒண்ணும் பாக்கல" என்றார். ஞாயிறு பகல் ட்யூட்டி என்பதால் வர முடியாது என்றார். பிள்ளைக்கு ஒரு சின்னக் குல்லா கொடுத்தனுப்பினார்.

அக்டோபர் 10

பெர்சிஸ் மாமாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். வந்தபோது போனை வைத்திருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஜெபம் பண்ணிட்டு வச்சுட்டாரு."

அவளுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

பெர்சிஸ் வெள்ளைச் சேலை. பிள்ளைக்குச் செலஸ்டின் சிஸ்டர் கொடுத்த குல்லா. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டாம் பாட்டுக்கு எழுந்தபோது கடைசி வரிசையில் மாமாவைப் பார்த்தேன். அவர் சபையிலும் இதே நேரத்தில்தான் ஆராதனை. அதை யாரிடம் விட்டுவிட்டு வந்தார் என்று தெரியவில்லை. ஜிப் வைத்த பைபிளை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். பெர்சிஸைத் தொட்டுக் காட்டினேன். திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள், நான் திருப்பிக் கொடுத்தேன்.

ஐயா எங்களை முன்னால் கூப்பிட்டார். பிரசங்கம் சுருக்கம்தான். யாத்திராகமம் நாலு. சிப்போராளைப் பற்றிச் சபைகள் என்னென்ன சொல்கின்றன என்று சொல்லிவிட்டு, "யார் சொல்லுறது சரின்னு எனக்கும் முழுசாத் தெரியாது. பிள்ளை பிழைச்சதுங்கிறது மட்டும் தெரியும்" என்றார். மோசேயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் பீடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதற்காகத்தான் காத்திருந்தேன். மோசே அன்றைக்குச் சும்மா நின்றான். அதற்குப் பிறகும் கர்த்தர் அவனை எகிப்துக்கு அனுப்பத்தான் செய்தார்.

பிறகு ஐயா பெர்சிஸ் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளையின் தகப்பன், பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்."

அதே பெட்டி, அதே வட்டக் கதவு, கண்முன்னால் வந்துவிட்டது. பெர்சிஸ் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

"எமீமாள்" என்றேன்.

மைதானத்தில் கூப்பிட்டே பழகிய தொண்டை. அதன் கடைசிக் கோடு வரை கேட்கிற மாதிரி வந்துவிட்டது. கடைசி வரிசையில் மாமா நிமிர்ந்து பார்த்தார். பிள்ளை தூக்கிவாரிப் போட்டு விழித்து, ஆலயமே திரும்புகிற அளவுக்கு வீரிட்டு அழுதாள். பிறந்த அன்று அந்தச் சத்தத்துக்கு அவளிடம் மூச்சு இருக்கவில்லை.

"மெதுவாங்க" என்றாள் பெர்சிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.